சந்தனம் வைத்த பூட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி சாவகாசமாகப் பின்னால் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் நடந்த விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. ஆனால் அன்றைக்கு முழுத் தப்பையும் இன்னொருத்தி தலையில் போட்டுக் கத்தினேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையில் ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், போட்டால் காகிதமெல்லாம் பறக்கும் ஒரு மேசை விசிறி. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், சபாக்காரர்களின் நிகழ்ச்சி நிரல், தன் செலவில் கவிதைப் புத்தகம் போடும் ரிடயரான அதிகாரிகள் என்று எல்லாமும் வரும். தமிழில் டைப் செய்து, பக்கம் அமைத்து, பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். அதை வைத்து அச்சகத்தில் பிளேட் போடுவார்கள்.

நாங்கள் என்றால் நானும் அவளும்தான். நான் புரூஃப் பார்ப்பேன், சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்பவர்களோடு சண்டை போடுவேன். டைப் செய்வது அவள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அடையாற்றங்கரையில் குடிசைப் பகுதியில் வீடு. கணவன் பட்டினப்பாக்கத்தில் மீன் ஏற்றும் வண்டி ஓட்டினான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். சைதாப்பேட்டையில் ஏதோ இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்பிங் கற்றதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பக்கம் மேட்டரைக் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, முனையில் காபி வாங்கப் போனேன். டம்ளரோடு திரும்பினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா மேடம், அவ்ளோதானா? வேற கீதா?"

காபியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது.

கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். கண் கையெழுத்துப் பிரதியின் மேலேயே இருக்கும். டாக்டர் சீட்டு மாதிரி கிறுக்கிக் கொண்டுவரும் வக்கீலின் எழுத்தையும் தட்டிக்கொண்டே போவாள். நாலைந்து மாதத்தில் சந்து முழுக்க அவள் பேச்சாகிவிட்டது. வாசலில் வருகிறவர்கள் "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நான் ஒருத்தி குத்துக்கல்லாக உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் படாது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒருநாள் மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"நான் எல்லாத்துக்கும் நின்னுக்கினே கெடந்தவக்கா. தண்ணி லாரிக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரில சீட்டுக்கு. இங்க பாருங்க, பெரிய பெரிய மனுசங்க எனக்காவ நிக்கிறாங்க. சீக்கிரம் முடிச்சுக் குடும்மான்னு கெஞ்சறாங்க. அத்த நெனச்சாலே சிரிப்பு வருது."

சிரிக்கத்தான் செய்தாள். அவளுடைய வேகம் அவளுக்கு என்ன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். அன்றைக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் தானாக வராது. தனியாக ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும். ஊரில் முக்கால்வாசிக் கடைகளில் ஒரே பெரிய கம்பெனியின் சாஃப்ட்வேர்தான். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் கொடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம், பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் செருக வேண்டும். அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். மற்றவர்கள் அதை லாக் என்றார்கள். எங்கள் கடையில் பூட்டு.

அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில் அடித்ததை வேறு எதிலும் திறக்க முடியாது. திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கமாவுமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி வரும். எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ப' இருக்கும். இன்ஸ்டிட்யூட்டில் பெரிய கம்பெனியின் கீபோர்டைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஏனென்றால் கடைகளில் அதுதான் இருந்தது. கடைக்காரர்கள் அதைத்தான் வாங்கினோம், ஏனென்றால் டைப் செய்ய வருகிறவர்களுக்கு அதுதான் தெரிந்திருந்தது. அச்சகத்துக்காரரும் "அந்த ஃபான்ட்தானே?" என்றுதான் முதலில் கேட்பார். வருஷா வருஷம் கம்பெனி விலையை ஏற்றியது. புதிதாக வாங்குகிறவர்கள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள்.

நடுவில் கே.கே. நகரிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். பகலில் எங்கோ ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் தானே எழுதிய தமிழ் சாஃப்ட்வேரை ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பூட்டு கிடையாது, விலையும் சொற்பம்.

"எழுத்து நன்னாத்தான் இருக்கு. ஆனா இதுல அடிச்சா யார் திறப்பா? எங்காத்துலயே உட்கார்ந்து பார்த்துண்டிருக்கவா?" என்றேன்.

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க மேடம்," என்று சிரித்துவிட்டு, ஃபிளாப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை இழுப்பறைக்குள் தள்ளினேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நல்ல பொருள் என்று தெரிந்துதான் தள்ளினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அவள்தான் கடையைக் கழுவினாள். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் பூவைக் கிள்ளிக்கொண்டே மேற்பார்வை பார்த்தேன்.

"பூட்டை விட்டுட்டியேம்மா. அதுக்கும் வை. அதுதான் நமக்குச் சோறு போட்டுண்டிருக்கு."

அவள் பூட்டைக் கழற்றித் துடைத்து, தாம்பாளத்தில் நிற்க வைத்தாள். பக்தியில் அவள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. கெட்டியாக அரைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். கற்பூரம் காட்டினோம். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

விஜயதசமி காலையில் எடுத்துப் பார்த்தால் சந்தனம் வழிந்து, பூட்டைச் செருகும் பக்கத்தில் இருந்த மெல்லிய ஊசிகளுக்கு நடுவில் போய்க் காய்ந்து கல்லாக இருந்தது. அவள் தாலிச் சரட்டில் இருந்த ஊக்கை எடுத்து மெதுவாக நோண்டினாள். இரண்டு ஊசிகள் வளைந்தன, ஒன்று உடைந்தது. மாட்டிப் பார்த்தோம்.

"பூட்டு இல்லன்னு சொல்லிக்கினு கீதுக்கா," என்றாள்.

ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் அத்தனையும் உள்ளே இருந்தன. முடிகிற நிலையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. நான் கத்தினேன். "கண்ணு எங்கே போச்சு உனக்கு? ஊக்கை விட்டு நோண்டற சாமானா அது? மூளையைக் கழற்றி வச்சுட்டு வந்தியா?" இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். சந்தனம் வைக்கச் சொன்னது யார் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாம்பாளத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பூட்டை ஒரு கர்சீப்பில் முடிந்துகொண்டு தி. நகரில் இருந்த டீலரிடம் ஓடினேன். டை கட்டிய மரியாதையான மனிதர். பூட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தன வாசனை வருதே மேடம்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. வேறு பூட்டு ஒன்று கொடுங்கள், அதற்கான விலையைத் தருகிறேன் என்றேன்.

"பூட்டு தனியா விக்கிறதில்ல மேடம். நீங்க வாங்கினது சாஃப்ட்வேர் இல்ல, அதைப் பயன்படுத்துற உரிமை. அந்த உரிமை பூட்டுக்குள்ளதான் இருக்கு."

"பூட்டு போச்சுன்னா?"

"உரிமையும் போச்சு. புதுசா முழுசா வாங்கணும். புது வெர்ஷன்ல உங்க பழைய ஃபைல் நேரா திறக்காது. எங்ககிட்ட கொடுத்தா மாத்தித் தருவோம், பக்கத்துக்கு இவ்வளவுன்னு சார்ஜ் ஆகும்."

"அந்த ஃபைல்ல இருக்கறதெல்லாம் நாங்க அடிச்சது சார். என் கடையில, என் கரண்ட்ல."

"கரெக்ட்தான் மேடம். ஆனா ரூல் அப்படி," என்றார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் எழுதிய ரூல் இல்லை அது. மாடிப்படி இறங்கிப் பனகல் பார்க் ஓரமாக நின்றபோது எனக்கு அழுகை வந்தது. புதிதாக வாங்க என்னிடம் வசதி இல்லை.

மறுநாள் அவள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. எதிர்ச் சந்து கடைக்காரர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார் என்று பேச்சு வந்தது. அங்கேயும் அதே சாஃப்ட்வேர், அதே கீபோர்டு. போய் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷமே ராணி. என்னிடம் இருந்தது செத்த பூட்டு ஒன்று. மூன்றாம் நாள் பஸ் பிடித்து அடையாறு போனேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் சந்தில் இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கொடியில் கிடந்த துணியை இழுத்துக் கீழே விரித்தாள். சுவரோரம் அவள் மகள் ஒரு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். புடவைப் பெட்டி அட்டை. அதில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கீபோர்டு வரைந்திருந்தது. ஓரமெல்லாம் நைந்து, சில கட்டங்களில் எழுத்தே அழிந்திருந்தது.

"இன்ஸ்டிட்யூட்ல மெஷின் ஒரு மணி நேரம்தான்க்கா குடுப்பாங்க," என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. "மிச்சத்த இதுல அடிச்சுக்கினு இருந்தேன். ஏழு மாசம். அடுப்புல சோறு ஒரு பக்கம் வேகும், இது ஒரு பக்கம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வராது, வார்த்தை முட்டி மோதித்தான் வந்தது. சந்தனம் வைக்கச் சொன்னது நான்தான், கத்தினதும் நான்தான் என்றேன். அவள் முறத்தில் கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நான் கோச்சிக்கினு வராம இல்லக்கா. வந்தா இன்னா செய்வேன்? பூட்டு இல்லாத பொட்டி முன்னால ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கணும். எதிர்த்தாப்ல கூப்டாங்க. போவல. ஏன் போவலன்னு எனக்கே தெரியல."

கே.கே. நகர்க்காரரின் ஃபிளாப்பியைப் பற்றிச் சொன்னேன். அதில் எழுத்தெல்லாம் இடம் மாறி இருக்கும், முதலிலிருந்து கற்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"திரும்பவும் ஒத்த வெரலால குத்திக்கினு ஒக்காரவா? வர்றவங்க பாத்துச் சிரிக்க மாட்டாங்க?" என்றாள். "வேகம் போச்சுன்னா நான் யாருக்கா?"

அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஃபிளாப்பியில் ஒட்டியிருந்த விலாசத்தைத் தேடி நேராகக் கே.கே. நகர் போனேன். அவர் கதவைத் திறந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க எதுக்கு மேடம் மாறணும்?" என்றார். "எந்த விசைக்கு எந்த எழுத்துங்கறது என் புரோகிராம்ல ஒரு பட்டியல். அவங்க விரல் எங்க போகுதோ, அங்க அந்த எழுத்த வச்சுட்டாப் போச்சு. ஒரு மத்தியான வேலை."

அப்படியே செய்தும் கொடுத்தார். பழைய ஃபைல்களைத் திறக்கவும் சின்னதாக ஏதோ எழுதிக் கொடுத்தார். அதில் சில எழுத்துகள் தவறி விழும், நான் உட்கார்ந்து திருத்துவேன். அவள் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள், திரையைப் பார்த்தாள், இன்னொரு வரி அடித்தாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் முடித்தாள்.

"அப்டியே கீதுக்கா!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள். முகூர்த்தப் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் நேரத்துக்குக் கொடுத்தோம். அந்த இரண்டு மாதம் நாங்கள் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சந்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். எதிர்ச் சந்துக்காரரே வந்து, "அந்த ஃபிளாப்பி ஒன்னு எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

பிறகு கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கே.கே. நகர்க்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. விசைகளில் எழுத்துகளை அந்த வரிசையில் அமைத்தது தங்கள் சொத்து, அதை வேறு எவரும் பயன்படுத்தக் கூடாது என்று இங்கிலீஷில் இருந்தது. நான் படித்துப் படித்து அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏழு மாசம் அடிச்சது நானு. அவங்களுதுங்கறாங்களா?"

கே.கே. நகர்க்காரர் பயந்துவிட்டார். வக்கீல் வைக்க என்னால் ஆகாது மேடம் என்று சொல்லி, அந்தப் பட்டியலை வேறு யாருக்கும் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். எங்களிடம் இருந்ததை நான் விடவில்லை. வந்தால் வரட்டும் என்று திருட்டுத்தனமாக ஓட்டினேன். வாசலில் டை கட்டிய யார் நடந்தாலும் மானிட்டரை அணைத்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கம்ப்யூட்டரில் தமிழுக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே கீபோர்டு, எழுத்துகளைச் சேமிப்பதற்கு ஒரே முறை கொண்டுவருவது பற்றி அரசாங்கம் ஒரு குழு வைத்திருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று. கே.கே. நகர்க்காரர் போன் பண்ணி விளக்கினார். பொது முறை வந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் அதை வைத்துச் சாஃப்ட்வேர் செய்யலாம், ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறக்கலாம், நல்லதாகச் செய்கிறவனிடம் ஜனங்கள் வாங்குவார்கள்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. பொதுக் கீபோர்டுதானே? அவளுக்குத் தெரிந்த கீபோர்டையே பொதுவாக ஆக்கிவிட்டால் என்ன? கம்பெனியிடமிருந்து பிடுங்கி எல்லாருக்கும் என்று அரசாங்கம் சொல்லிவிடட்டும். அவள் வேகமும் போகாது, நோட்டீஸும் வராது. இதைவிட நியாயம் உண்டா? அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "நாங்கள்லாம் இதுல பழகினவா, இனிமே மாத்திக்க முடியாதுன்னு சொல்லு. கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை." தலையை ஆட்டினாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் கூட்டம். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேசைக்குப் பின்னால் நாலைந்து அதிகாரிகளும் பேராசிரியர்களும். எதிரில் கம்பெனிக்காரர்கள், அச்சகத்துக்காரர்கள், எங்களைப் போல ஓரிருவர். அத்தனை பேரில் டைப் அடித்துப் பிழைப்பவள் அவள் ஒருத்திதான்.

முதலில் பெரிய கம்பெனியின் மேனேஜர் எழுந்தார். நன்றாகப் பேசினார். பொதுக் கீபோர்டு என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், ஊர் முழுக்க எங்கள் கீபோர்டில் பழகிய ஏழைப் பெண்களின் பிழைப்பு போய்விடும், இருப்பதை இருக்கிறபடி விடுங்கள் என்றார். கூட வந்திருந்த தி. நகர் டீலர் அவர் காதில் ஏதோ சொல்ல, மேனேஜர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"அதோ அந்தம்மா மயிலாப்பூர்லயே வேகமான ஆபரேட்டராம். அவங்களையே கேளுங்க சார், இத்தனை வருஷம் கழிச்சுப் புதுசா கத்துக்க முடியுமான்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரி. எங்களை மிரட்டியவரும் நானும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷம் உறைத்தது. ஆனால் அவளுக்கு வேறு எதையும் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை.

நடுவில் இருந்த பெரியவர், "சொல்லும்மா, பயப்படாம சொல்லு," என்றார்.

அவள் எழுந்து நின்றாள். முந்தானை நுனியை ஒரு கை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"சார், நான் ஒரு தபா கத்துக்கினேன். ஏழு மாசம். அட்டையில எழுதி வச்சிக்கினு கத்துக்கினேன். அது என் வெரலு, என் வேலைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பால நோட்டீஸ் வந்துச்சு, அது அவங்களுதுன்னு." மேனேஜரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. "இன்னொரு தபா கத்துக்கணும்னா கத்துக்கிறேன் சார். கஷ்டந்தான். ஆனா இந்தத் தபா நான் கத்துக்கிறத யாரும் வந்து தன்னுதுன்னு சொல்லக் கூடாது. எந்தக் கடையில ஒக்காந்தாலும், எந்தக் கம்பெனி பொட்டியா இருந்தாலும், அதே எடத்துல அதே எழுத்து இருக்கணும். அத்த மட்டும் எழுதிக்கோங்க சார்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை, அது அப்படிப்பட்ட கூட்டம் இல்லை. பெரியவர் குனிந்து ஏதோ எழுதினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

"யக்கா," என்றாள். "நெஜமா என்னால முடியுமா? நீ சொல்லு."

அத்தனை வருஷத்தில் என்னை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முடியும் என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனசு வரவில்லை. தெரியலைம்மா, ஆனா நீ எத்தனை நாள் எடுத்துண்டாலும் அந்த நாற்காலி உனக்குத்தான் என்றேன். கூட்டத்துக்கு நடுவில், ஸ்டாப்பிலேயே, இரண்டு பேரும் அழுதோம். ஒரு பூக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

சில மாதங்கள் கழித்து அரசாங்கம் பொதுக் கீபோர்டை அறிவித்தது. அது பெரிய கம்பெனியுடையதும் இல்லை, கே.கே. நகர்க்காரருடையதும் இல்லை. எல்லாருக்கும் புதிது. கே.கே. நகர்க்காரர் ஒரே வாரத்தில் தன் சாஃப்ட்வேரில் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய கம்பெனி ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. அவர்கள் பூட்டு பல கடைகளில் பல வருஷம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் அவர்கள் விலையை ஏற்றவில்லை, தி. நகர் டீலர் தானே போன் பண்ணி நலம் விசாரித்தார்.

பழைய விசைப் பட்டியலை அவளே அழிக்கச் சொன்னாள். இருந்தால் கை அங்கேதான் போகும்க்கா என்றாள். நான் அழித்தேன். மறுநாள் காலை அவள் கீபோர்டைக் குனிந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தாள். பழைய இடத்துக்கு விரல் ஓடும், தப்பு எழுத்து விழும், உதட்டைக் கடித்துக்கொண்டு அழிப்பாள். முன்பு காபி வாங்கி வருவதற்குள் முடித்த பக்கம் இப்போது ஒரு காலை நேரத்தையே தின்றது. வேலைகளைக் குறைத்துக்கொண்டேன். சிலர் எங்களை விட்டுப் போனார்கள். போகட்டும் என்று இருந்தேன், என் சுபாவத்துக்கு அதுவே பெரிது.

அந்த வாரக் கடைசியில் புதிதாக ஒரு பெரியவர் தன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, அவள் ஒற்றை விரலால் எழுத்துக்கு எழுத்து குத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கேலியாகக் கேட்கவில்லை.

"ஏம்மா, நீ இங்க புதுசா சேர்ந்திருக்கியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் யார் தெரியுமா ஓய் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா சார், புச்சுதான்," என்றாள். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."